ஸ்ரீசிட்டி கேட்டுக்குள்ள யாரையும் தெரியாதே மேடம்

ஆரம்பாக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. பி.இ. மெக்கானிக்கல் முடிச்சிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு சின்ன மெஷின் ஷாப்ல ரெண்டு வருஷமா குவாலிட்டி இன்ஸ்பெக்டரா இருக்காராம். எல்லை தாண்டி ஆந்திரா பக்கம் இருக்கற ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைல கார் பார்ட்ஸ் பண்ற ஒரு ஜப்பான் கம்பெனிக்கு போகணும்னு ஆசை. "எங்க ஊருக்கு அடுத்த ஸ்டேஷன் தடா மேடம், ஆனா அந்த கேட்டுக்குள்ள யாரையும் தெரியாது. அப்பா யாராவது கட்சிக்காரர புடிச்சு சிபாரிசு வாங்கணும்ங்கிறாரு. நான் லிங்க்ட்இன்ல அந்த கம்பெனி ஆளுங்க அம்பது பேருக்கு மேல ரெக்வெஸ்ட் போட்டு 'சார் எனி வேகன்சி சார்'னு கேட்டேன், ஒருத்தரும் பதில் போடல. தெலுங்கும் அரைகுறை. இப்ப இருக்கற ஓனருக்கு தெரிஞ்சா அது வேற தலைவலி. ஒரு கம்பெனியப் பத்தி நெட்ல எப்படி தேடுறது, யார்கிட்ட எப்படி பேச்சு குடுக்கிறது?"னு கேக்கறாரு.

தம்பி, அந்த அம்பது மெசேஜ்ல இருந்தே ஆரம்பிப்போம். நான் பேக்டரி பர்சனல் டிபார்ட்மென்ட்ல காலம் தள்ளினவ, இந்த "எனி வேகன்சி சார்" மெசேஜ் வாங்கற ஆளுங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டிருக்கேன். அவங்க திமிர் புடிச்சு பதில் போடாம இல்ல. வேகன்சி இருக்கா இல்லையான்னு லைன்ல நிக்கற இன்ஜினியருக்கு பாதி நேரம் தெரியவே தெரியாது, தெரிஞ்சாலும் உங்கள யாருன்னு தெரியாது, ஆமான்னு சொன்னா மாட்டிக்குவோம் இல்லைன்னு சொன்னா மனசு கஷ்டப்படுவாங்கன்னு அப்படியே விட்டுடுவாங்க, அவ்ளோதான். அவங்களால பதில் சொல்ல முடியாத கேள்விய அம்பது பேர்கிட்ட கேட்டிருக்கீங்க. பதில் சொல்ல முடியற கேள்விய அஞ்சு பேர்கிட்ட கேளுங்க, அதுல ரெண்டு பேராவது திரும்பிப் பேசுவாங்க. ஆனா அப்படி ஒரு கேள்வி உங்களுக்கு தோணணும்னா கம்பெனியப் பத்தி முதல்ல தெரிஞ்சிருக்கணும். அதனால தேடல் முதல்ல, ஆள் அப்புறம்.

கம்பெனி வெப்சைட்ட பாத்துட்டு "விஷன் மிஷன் படிச்சிட்டேன்"னு யாராவது சொன்னா எனக்கு சிரிப்பு வரும். அது கல்யாண போட்டோ மாதிரி, எல்லாருமே அதுல அழகாதான் இருப்பாங்க. நீங்க பாக்க வேண்டியது அவங்க கவர்மென்ட்டுக்கு குடுத்த பேப்பர. வெப்சைட் அடியிலயோ லெட்டர்ஹெட்லயோ சிஐஎன், அதான் கம்பெனி அடையாள நம்பர்னு 21 எழுத்துல ஒண்ணு இருக்கும். முதல் எழுத்து எல்னா ஷேர் மார்க்கெட்ல லிஸ்ட் ஆன கம்பெனி, யூன்னா லிஸ்ட் ஆகாதது. அடுத்த அஞ்சு இலக்கம் என்ன தொழில்னு சொல்லும், அதுக்கு அப்புறம் ரெண்டு எழுத்து மாநிலம், ஏபின்னா ஆந்திரா டிஎன்னா தமிழ்நாடு, அதுக்கு அடுத்த நாலு இலக்கம் பதிவு பண்ண வருஷம். பேக்டரி ஸ்ரீசிட்டில இருந்தாலும் ரெஜிஸ்டர் ஆபீஸ் சென்னையில இருந்தா டிஎன்னுதான் வரும், குழம்பிக்காதீங்க. "இருபது வருஷ அனுபவம்"னு பேனர்ல போட்டுட்டு சிஐஎன்ல போன வருஷம் இருந்தா, ஏன்னு ஒரு தடவ யோசிக்கணும் இல்லையா?

அந்த நம்பர வெச்சு எம்சிஏ சைட்ல, அதான் கார்ப்பரேட் அஃபயர்ஸ் மினிஸ்ட்ரி சைட்ல, மாஸ்டர் டேட்டா பாக்கலாம். கம்பெனி ஆக்டிவ்வா இருக்கா, கடைசியா எந்த வருஷத்து பேலன்ஸ் ஷீட் குடுத்திருக்காங்க, டைரக்டர்ஸ் யாரு, எல்லாம் வரும். 100 ரூபா கட்டினா பேலன்ஸ் ஷீட்டையே திறந்து பாக்கலாம், ரெண்டு டீ ரெண்டு பஜ்ஜி காசு, போனா போகட்டும். அதுல மூணு இடம் பாருங்க போதும். ஒண்ணு, கேபிடல் ஒர்க் இன் ப்ராக்ரஸ்னு ஒரு வரி, அது பெருசா ஏறியிருந்தா புது லைனோ புது ஷெட்டோ போடுறாங்கன்னு அர்த்தம், அது ஓட ஆரம்பிக்கறப்போ குவாலிட்டிக்கு ஆள் எடுக்காம முடியாது. ரெண்டாவது, சம்பளச் செலவு எவ்வளவு, கான்ட்ராக்ட் லேபர் செலவுன்னு தனியா போட்டிருந்தா அது எவ்வளவு. கான்ட்ராக்ட் செலவு சம்பளத்துக்கு பக்கத்துல வந்து நிக்குதுன்னா ஷாப் ப்ளோர்ல பாதி ஆள் கம்பெனி ஆளே இல்ல. மூணாவது, ரிலேட்டட் பார்ட்டின்னு ஒரு நோட் வரும், அதுல ஜப்பான் தாய்க் கம்பெனி பேரும் அதுக்கு என்ன விக்கறாங்க என்ன வாங்கறாங்கன்னும் இருக்கும். அந்த தாய்க் கம்பெனி டோக்கியோவுல லிஸ்ட் ஆனதா இருந்தா இங்கிலீஷ்லயே ஆண்டு அறிக்கை கிடைக்க வாய்ப்பு இருக்கு, இந்தியாவப் பத்தி ஒரு பக்கமாவது இருக்கலாம், அந்த ஒரு பக்கத்த படிச்சிட்டு இன்டர்வியூக்கு வர்ற ஆள் ரொம்ப கம்மி.

இப்ப கான்ட்ராக்ட்னு சொன்னேன்ல, அங்க கொஞ்சம் நிக்கறேன், ஏன்னா நம்ம பக்கத்து பசங்க ஏமாறுறது இங்கதான். "ஸ்ரீசிட்டில வேலை கிடைச்சிடுச்சு"னு ஊரெல்லாம் ஸ்வீட் குடுப்பாங்க, ஆறு மாசம் கழிச்சு பிஎஃப் பாஸ்புக்க திறந்தா அதுல ஏதோ ஒரு மேன்பவர் ஏஜென்சி பேர் இருக்கும். யூனிபார்ம் கம்பெனியுது, கேன்டீன் கம்பெனியுது, முதலாளி மட்டும் வேற. கான்ட்ராக்ட்ல போறதே தப்புன்னு நான் சொல்லல, அப்படி உள்ள போய் பர்மனன்ட் ஆனவங்களும் இருக்காங்க, ஆனா தெரிஞ்சு போகணும். இபிஎஃப்ஓ, அதான் பிஎஃப் ஆபீஸ் சைட்ல எஸ்டாபிளிஷ்மென்ட் சர்ச்னு ஒண்ணு இருக்கு, எல்லாருக்கும் ப்ரீ. கம்பெனி பேர் அடிச்சா அவங்க மாசாமாசம் எத்தன பேருக்கு பிஎஃப் கட்டறாங்கன்னு வரும். கம்பெனி வெப்சைட்ல ஆயிரம் பேர் வேலை பாக்கறாங்கன்னு போட்டு பிஎஃப் லிஸ்ட்ல முன்னூறு பேர்னா மீதிப் பேர் யார் கணக்குலன்னு புரிஞ்சிக்கலாம். வேற ஊர் பிளான்ட்டுக்கு தனி கோட் இருக்கலாம், அதனால ஒரே பேர்ல நாலு வந்தா அட்ரஸ் பாத்து எடுங்க. மாசம் தவறாம கட்டறாங்களா இல்ல மூணு மாசத்துக்கு சேத்து கட்டறாங்களான்னும் பாருங்க, கையில காசு ஓட்டம் எப்படின்னு அதுலயே தெரிஞ்சிடும். ஏஜென்சி மூலமா ஆபர் வந்தா அந்த ஏஜென்சி பேரையும் இதே மாதிரி தட்டிப் பாருங்க.

ஜிஎஸ்டி நம்பரும் உதவும். 15 எழுத்து, முதல் ரெண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாடு 33, ஆந்திரா 37, கேரளா 32. ஸ்ரீசிட்டில பேக்டரி இருக்குன்னு சொல்ற கம்பெனிக்கு 37ல ஆரம்பிக்கற நம்பரே இல்லைன்னா, அங்க பேக்டரின்னு ஒண்ணு இருக்கான்னே சந்தேகப்படலாம். வாட்ஸ்அப்ல சுத்துமே, "ஸ்ரீசிட்டில உடனடி வேலை, சாப்பாடு ரூம் ப்ரீ, யூனிபார்முக்கும் மெடிக்கலுக்கும் மட்டும் பணம் கட்டணும்"னு, அதுக்கெல்லாம் இந்த தேடல் கூட வேண்டாம், பணம் கேட்டாலே போன வெச்சிடுங்க.

ஆம்பிஷன்பாக்ஸ், கிளாஸ்டோர் ரெண்டு சைட்லயும் வேலை பாத்தவங்க எழுதின ரிவ்யூ படிங்க, ஆனா ஸ்டார பாக்காதீங்க. எந்த பிளான்ட், எந்த டிபார்ட்மென்ட்டுன்னு பிரிச்சுப் படிங்க, குர்கான் ஆபீஸ்ல ஏசி நல்லா இருக்குங்கறது உங்களுக்கு எதுக்கு. ஒரே குறைய சம்பந்தமே இல்லாத மூணு பேர் வேற வேற வருஷத்துல சொல்லியிருந்தா அது உண்மை. ஒரே வாரத்துல அஞ்சு ஸ்டார் ரிவ்யூ பத்து வந்திருந்தா அது யார் வேலைன்னு நான் சொல்ல வேண்டாம்.

நெட்ல கிடைக்காத ஒரு விஷயம் இருக்கு, உங்களுக்கு அதான் முக்கியம். ஆந்திராவுல 2019ல தொழிற்சாலை வேலையில 75 சதவீதம் உள்ளூர் ஆளுங்களுக்குன்னு ஒரு சட்டம் போட்டாங்க. நீங்க ஆரம்பாக்கம், பேக்டரிக்கு ஆந்திராவுல இருக்கற சத்தியவேடு பையன விட நீங்க பக்கமா கூட இருக்கலாம், ஆனா ஆதார்ல தமிழ்நாடு. கோர்ட் வரைக்கும் போன சட்டம் அது, ஒவ்வொரு கம்பெனியும் அத எப்படி எடுத்துக்குதுங்கறது வெப்சைட்ல இருக்காது. ஆபரேட்டர் வேலைக்கு மட்டும் உள்ளூர் பாக்கறாங்களா, இன்ஜினியர் போஸ்டுக்கும் பாக்கறாங்களா, தமிழ்நாட்டு பக்கத்துக்கு கம்பெனி பஸ் வருதா, வந்தா எந்த ஸ்டாப் வரைக்கும், நைட் ஷிப்ட் முடிஞ்சா எப்படி வீட்டுக்கு வர்றது, இதெல்லாம் உள்ள இருக்கற ஆள் வாயால சொன்னாதான் தெரியும். பாருங்க, இப்ப உங்ககிட்ட கேக்கறதுக்கு நிஜமான கேள்வி வந்திடுச்சு.

சரி, ஆள். லிங்க்ட்இன்ல கம்பெனி பேஜுக்கு போனா பீப்பிள்னு ஒரு டேப் இருக்கும், எல்லாரும் அத மட்டும்தான் தட்டறாங்க. நீங்க உங்க காலேஜ் பேஜுக்கு போய் அலும்னிய தட்டுங்க, எந்த ஊர்ல எந்த கம்பெனில என்ன வேலைன்னு வடிகட்டலாம். கம்பெனி பேர போடுங்க, வரலைன்னா ஊர் பேர போடுங்க, தடா, சூளூர்பேட்டை, நாயுடுபேட்டைன்னு. ஒரே காலேஜ் சீனியர்னா "அண்ணா"ன்னு ஆரம்பிக்கலாம், பாதி தூரம் அங்கயே கடந்துடும். பிளான்ட் ஹெட்டுக்கும் எச்ஆருக்கும் முதல்ல போகாதீங்க. உங்கள விட மூணு நாலு வருஷம் முன்னால இருக்கற குவாலிட்டி ஆளதான் புடிக்கணும், அவருக்கு உங்க வேலை புரியும், நீங்க படற அவஸ்தை போன வருஷம் வரைக்கும் அவர் பட்டது. அதே மாதிரி அந்த கம்பெனிய விட்டுப் போய் ஒண்ணு ரெண்டு வருஷம் ஆனவங்க. உள்ள இருக்கறவர் யோசிச்சு யோசிச்சு பேசுவாரு, வெளிய வந்தவர் மனசு விட்டு பேசுவாரு, ஆனா அவர் கோபத்தோட வந்திருந்தா அத கொஞ்சம் கழிச்சிக்கணும்.

இன்னொரு ஆள் இருக்காரு, அவர யாருமே கணக்குல எடுக்கறதில்ல. உங்க ஷாப்புக்கு வெர்னியர், மைக்ரோமீட்டர், ஹைட் கேஜ் எல்லாம் கேலிப்ரேஷன் பண்ண, அதான் அளவு சரியா காட்டுதான்னு சோதிக்க வர்றாரே ஒருத்தர், அவர் சிப்காட்லயும் ஸ்ரீசிட்டிலயும் எத்தன கேட்டுக்குள்ள போய் வர்றாருன்னு கேட்டிருக்கீங்களா? டூல்ஸ் சப்ளை பண்றவர், பார்ட்ட அளக்கற சிஎம்எம் மெஷினோட சர்வீஸ் இன்ஜினியர், கேஜ் பண்ணித் தர்ற லேத் பட்டறைக்காரர், ஆடிட்டுக்கு வர்றவர். இவங்களுக்கு ஒவ்வொரு கம்பெனி குவாலிட்டி ஹெட்டும் எப்படி பேசுவாருன்னு தெரியும், எங்க ஆள் போயிட்டாங்க எங்க திண்டாடுறாங்கன்னு தெரியும், வேலை போர்டல்ல வர்றதுக்கு முன்னாலயே தெரியும். டீ வாங்கிக் குடுத்து "அண்ணே அங்க குவாலிட்டி எப்படிண்ணே"ன்னு கேளுங்க. அவர் சொன்ன பேர வந்து நெட்ல தேடுங்க. ரெண்டையும் சேத்துதான் செய்யணும், வெறும் நெட்டும் வேலைக்காவாது வெறும் டீக்கடையும் வேலைக்காவாது.

நான் சும்மா சொல்லல, மார்க் கிரானோவெட்டர்னு அமெரிக்க சமூகவியல்காரர் 1973லயே இதப் பத்தி எழுதினாரு, நெருங்கின சொந்தக்காரங்கள விட அரைகுறை பழக்கம் இருக்கற ஆளுங்க மூலமாதான் புது வேலை சேதி வருதுன்னு. காரணம் சிம்பிள், உங்க மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் தெரிஞ்ச சேதி உங்களுக்கும் ஏற்கனவே தெரியும், எப்பவோ ஒரு தடவ பாக்கற ஆளுதான் வேற வட்டத்துல இருந்து சேதி கொண்டு வருவாரு. 2022ல லிங்க்ட்இன்ல ரெண்டு கோடி பேர் கணக்க வெச்சு மறுபடி பாத்தாங்க, அதுலயும் ரொம்ப நெருக்கமும் இல்லாம முன்ன பின்ன தெரியாததும் இல்லாம நடுவுல இருக்கற பழக்கம்தான் நல்லா வேலை செஞ்சது. அப்பாகிட்ட மரியாதையா சொல்லுங்க, கட்சிக்காரர் சிபாரிசு கம்பெனி கேட் வரைக்கும் கொண்டு போய் விடும், அதுக்கு உள்ள இவன் யாரோட ஆளுன்னு ஒரு பேர் ஒட்டிக்கும், அத கழட்ட ரொம்ப நாள் ஆகும். ஜப்பான் கம்பெனில அது சுத்தமா எடுபடாது, என் அபிப்பிராயம்.

மெசேஜ் இப்படி இருக்கட்டும்: "வணக்கம் சார். கும்மிடிப்பூண்டில மெஷின் பார்ட்ஸ் இன்ஸ்பெக்ஷன்ல ரெண்டு வருஷமா இருக்கேன். நீங்க இன்ப்ராசஸ்ல இருந்து சப்ளையர் குவாலிட்டிக்கு மாறியிருக்கறத ப்ரொபைல்ல பாத்தேன். அந்த மாற்றத்துக்கு பிபிஏபி, எம்எஸ்ஏ ரெண்டுல எதை முதல்ல கத்துக்கிட்டது உதவுச்சுன்னு தெரிஞ்சிக்க ஆசை. டைம் கிடைக்கறப்போ ரெண்டு வரி போதும் சார்." (பிபிஏபின்னா புது பார்ட்டுக்கு கஸ்டமர்கிட்ட ஒப்புதல் வாங்கற முறை, எம்எஸ்ஏன்னா அளக்கற முறைய நம்பலாமான்னு சோதிக்கறது.) வேலைங்கற வார்த்தையே இல்ல பாருங்க. ஆனா படிக்கறவருக்கு நீங்க யாரு, என்ன தெரியும், எதுக்கு வர்றீங்க எல்லாம் புரிஞ்சிடும், புரியாத அளவுக்கு யாரும் இல்ல. பதில் வந்தா நன்றி சொல்லிட்டு நிறுத்திடுங்க, அன்னைக்கே ரெஸ்யூம அனுப்பி எல்லாத்தையும் கெடுத்துக்காதீங்க. அவர் சொன்னத நிஜமாவே செஞ்சு பாத்துட்டு ஒரு மாசம் கழிச்சு "சார் நீங்க சொன்ன மாதிரி எங்க ஷாப்ல ஒரு கேஜுக்கு எம்எஸ்ஏ பண்ணிப் பாத்தேன், இந்த இடத்துல சந்தேகம்"னு போடுங்க. அப்ப அவரே "தம்பி உன் சிவி இருக்கா"ன்னு கேக்க வாய்ப்பு இருக்கு. பல கம்பெனில ஆள் சேத்து விட்டா ரெபரல் போனஸ் வேற உண்டு, அவருக்கும் நஷ்டம் இல்ல. பதில் வரலைன்னா பத்து நாள் கழிச்சு ஒரு தடவ ஞாபகப்படுத்தலாம், அதோட விட்டுடணும். யார்கிட்ட என்னைக்கு என்ன கேட்டீங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க, ஒரே டிபார்ட்மென்ட்ல ரெண்டு பேருக்கு காப்பி பேஸ்ட் அனுப்பி அவங்க கேன்டீன்ல ஒப்பிட்டுப் பாத்தா அசிங்கம்.

தேடறதுக்கும் ஒரு எல்லை இருக்கு. அவர் ஆபீஸ் வேலையப் பத்தி பொதுவுல போட்டது வரைக்கும் சரி. பேஸ்புக்ல அவர் பொண்ணு பிறந்தநாள், போன மாசம் திருமலை போனது இதெல்லாம் பாத்து வெச்சிக்கிட்டு "தரிசனம் நல்லா இருந்துச்சா சார்"னு ஆரம்பிச்சா பயந்து ப்ளாக் பண்ணிடுவாரு, நான்னா கண்டிப்பா பண்ணுவேன். அதே மாதிரி உங்க கம்பெனி டிராயிங், கஸ்டமர் பேர், ரிஜெக்ஷன் கணக்கு எதையும் பேச்சுல விடாதீங்க. இவன் இன்னைக்கு அங்கத்த கதைய இங்க சொல்றான், நாளைக்கு இங்கத்த கதைய எங்க சொல்வானோன்னு குவாலிட்டிக்காரர் மனசுல உடனே ஓடும்.

நீங்க அவர் ப்ரொபைல பாத்தா அவருக்கு தெரியும், அவரும் திருப்பி வந்து உங்களுத பாப்பாரு. அங்க "சீக்கிங் ஆப்பர்ச்சூனிட்டி"ன்னு மட்டும் இருந்தா போச்சு. என்ன கருவி தெரியும், என்ன பார்ட் பாக்கறீங்க, கார் பார்ட்ஸ் தரத்துக்கான ஐஏடிஎஃப் 16949 ஆடிட்ல நின்னிருந்தா அது, இத மூணு வரியில போடுங்க. இன்னொருத்தருக்கு தெரியாம பாக்கணும்னா ப்ரைவேட் மோடு இருக்கு, ஆனா ப்ரீ அக்கவுண்ட்ல அத போட்டா உங்கள யார் பாத்தாங்கன்னு உங்களுக்கும் தெரியாது. ஓனர் விஷயத்துக்கு வர்றேன், அந்த பச்சை வளையம் "ஓபன் டு ஒர்க்", அத எல்லாருக்கும் தெரியற மாதிரி வைக்காதீங்க, ரெக்ரூட்டருக்கு மட்டும்னு மாத்துங்க. அதுலயும் உங்க கம்பெனிக்கு காட்டாம இருக்க முயற்சி பண்றோம், ஆனா உத்தரவாதம் இல்லைன்னுதான் லிங்க்ட்இன்காரனே சொல்றான். சின்ன ஷாப்ல ஓனருக்கு லிங்க்ட்இன் பாக்க எங்க நேரம்னு நினைக்காதீங்க, அவர் பையன் பாப்பான்.

தெலுங்குக்கு பயப்படவே வேண்டாம். நம்ம எல்லைப்பக்கம் ஷாப் ப்ளோர்ல தமிழும் தெலுங்கும் ஹிந்தியும் கலந்துதான் ஓடுது, ரிப்போர்ட் எல்லாம் இங்கிலீஷ். மெசேஜ் இங்கிலீஷ்ல போடுங்க, போன்ல பேச வேண்டி வந்தா "தெலுகு கொஞ்செம் கொஞ்செம் ஒச்சு சார்"னு ஆரம்பிங்க, பாதி பேர் சிரிச்சிட்டு தமிழ்ல பதில் சொல்வாங்க. சூளூர்பேட்டை போற ட்ரெயின்ல காலைல ஐடி கார்டு போட்டவங்க எத்தன பேர்னு பாத்திருப்பீங்க, அவங்ககிட்டயே பேசிப் பழகிக்கோங்க.

இன்னைக்கு ராத்திரி எம்சிஏவும் இபிஎஃப்ஓவும் பாத்துடுங்க, ஞாயித்துக்கிழமை அலும்னி லிஸ்ட்ல அஞ்சு பேர எடுங்க, அடுத்த தடவ கேலிப்ரேஷன்காரர் வர்ற தேதி எப்பன்னு ஸ்டோர்ல கேட்டு வைங்க. அப்படியே உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டர எடுத்து நோட்டீஸ் பீரியட் எத்தன நாள்னும் பாத்துக்கோங்க, சம்பளம் எவ்வளவு வாங்கறன்னு கேட்ட கையோட அதத்தான் கேப்பாங்க.